சீசருக்கு வாங்கிய பொறை

மச்சான், இன்று காலை ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் தகர டப்பாவைத் திறந்தார். பொறை ரொட்டி வாசனை. டீயில் ஊறினாலும் கல் மாதிரி கிடக்குமே, நாய்க்கென்றே வாங்குவோமே, அதே பொறை. நாலு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் வீட்டில் நாய் கிடையாது. வீட்டுக்கு வந்ததும், "யாருக்கு மாமா இது?" என்று மருமகள் கேட்டாள். "பேப்பர் எடும்மா, ஒரு கடுதாசி எழுதணும்" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நீ போய் மூன்று மழைக்காலம் ஆயிற்று. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி.

நம் பேக்டரி குவார்ட்டர்ஸில் முதல் கலர் டி.வி. வந்த வருஷம். வடக்கே மாற்றலாகிப் போன ஆபீசர் ஒருவர் தன் பாக்ஸர் நாயை உன் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். சப்பை மூக்கு, தொங்கும் கன்னம், கயிறு கயிறாக எச்சில். "இன்னாடா இது, யாரோ திட்டின மாதிரியே மூஞ்ச வெச்சிகினு கீது?" என்றேன். "உன் மூஞ்சி மட்டும் இன்னாவாம்?" என்றாய். சீசர் யாரையும் கடித்ததில்லை. ஆனால் பாயும். முன்னங்கால் இரண்டையும் ஆள் மார்பில் வைத்து முகத்தை நக்கினால்தான் அதற்கு நிம்மதி.

கம்பை எடு என்று பிளாக்கே சொன்னது. நீ கேட்கவில்லை. "அடிச்சா பயப்படும் மச்சான், கத்துக்காது. மேஸ்திரி டெய்லி கத்துறாரே, நாம இன்னாத்த கத்துக்கினோம்?" என்றாய்.

நம் இருவருக்கும் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீடு. இருவர் கையிலும் வாட்ச் கிடையாது. பேக்டரியில் ஐந்து மணிச் சங்கு ஊதியதும் உன் வாசலில் பாடம் தொடங்கும். பொறையை அதன் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லப் பின்னால் நகர்த்தி, "உக்காரு" என்பாய். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே வரும் என்பது உன் கணக்கு. இருபது நாள் வரவில்லை. நீயே தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து காட்டினாய். "நாய் பி.யூ.சி. பாஸ் பண்ணிடும், நீதான் பெயிலு" என்று உன் பெண்சாதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

இருபத்தோராம் நாள் உட்கார்ந்தது. அதற்குப் பொறை, நமக்கு டீ. அதன் பிறகு தினமும் உட்கார்ந்தது, ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிற்றுக்கிழமை தலைகீழாக நின்றாலும் உட்காராது. "வாரலீவு எடுக்குது பாரு! அசல் பேக்டரி நாயி!" என்று தெருவுக்கே சொல்லிப் பெருமைப்பட்டாய். ஆமாம் ஆமாம் என்று நானும் சொன்னேன். நம் இரண்டு பேர் மூளையும் அவ்வளவுதான்.

இடையில்தான் அந்த மண்ணெண்ணெய். ரேஷனில் வரிசை நின்று வாங்கிய ஐந்து லிட்டரோடு நான் சைக்கிளில் வர, சீசர் ஆசையாகப் பாய்ந்தது. நான் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம். ஆத்திரத்தில் நேரே பெட்டிக்கடைக்குப் போய், அங்கிருந்த ஒருவரிடம் குவார்ட்டர்ஸ் ஆபீசுக்குப் புகார் எழுதச் சொன்னேன். "என் பேரு மட்டும் போட்டுடாத" என்று மூன்று தடவை சொன்னேன். சொல்லிவிட்டு, கீழே கட்டைவிரலை அழுத்தமாகப் பதித்தேன். நம் பிளாக்கிலேயே கைநாட்டு நான் ஒருத்தன்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"இன்னாடா வெரல்ல?" என்று அன்று சாயங்காலம் கேட்டாய். "நாவப்பழம்" என்றேன். "அப்டியா" என்று டீயை ஆற்றிக் கொடுத்தாய்.

பத்து நாளில் உனக்கு நோட்டீஸ் வந்தது. குவார்ட்டர்ஸ் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். நாய் அடங்கவில்லை என்றால் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் நீ வீட்டைக் காலி செய்ய வேண்டும். உன் இரண்டு பெண்களும் சோறு தின்னவில்லை. நீ மட்டும், "நம்ம பையன் உக்காருவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வந்தார் அந்த ஆபீசர். வெள்ளைச் சட்டை. "உக்காரு" என்றாய். சீசர் அவர் மார்பில் ஏறிற்று. மறுபடி "உக்காரு". காதை நக்கிற்று. "என்னய்யா இது, நாயா, கன்னுக்குட்டியா?" என்று அவர் தள்ளாடினார். வாரலீவும் இல்லையே என்று நீ திருதிருவென விழித்தாய். அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது மச்சான். அது உன் சொல்லுக்கு உட்காரவே இல்லை. இத்தனை நாளும் சங்குக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஏது?

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நான் கேட்டது நடந்திருக்கும். உன் சின்னவள் சீசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், சட்டையெல்லாம் எச்சி. கழட்டுங்க, அலசி இஸ்திரி போட்டுத் தந்துடறோம்" என்றேன். உன் காதில், "சங்கு ஊதற வரிக்கும் ஆள புடிச்சி வை" என்றேன். நீ அவரைப் பனியனோடு நாற்காலியில் உட்கார்த்தி டீ கொடுத்தாய். உன் பெண்சாதி அலசினாள். இஸ்திரிப் பெட்டிக் கரியை ஊதுவதாகச் சொல்லி நான் ஊதாமலே இருந்தேன்.

சும்மா இருந்த ஆபீசர் புகார்க் காகிதத்தை எடுத்தார். "இந்தக் கைநாட்டு யாரோடது?"

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். நீ என் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "எங்க பிளாக்ல அல்லாரும் கையெழுத்து போடறவங்க சார். இது வேற யாரோ" என்றாய்.

ஊதிற்று சங்கு. சீசர் இருந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது, பனியன் போட்ட அந்த மனுஷனுக்கு நேர் எதிரே, நெஞ்சை நிமிர்த்தி. நீ அவசரமாக "உக்காரு" என்றாய். "பரவாயில்லையே, சொல்றதுக்கு முன்னாடியே உட்காருதே!" என்றார் ஆபீசர்.

அவர் போனதும் சீசருக்கு ஒரு பொறை போட்டாய். இன்னொன்றை உடைத்து என்னிடம் நீட்டினாய். "நீயும் தேறிட்டே மச்சான். துன்னு" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. என்னாலும் எடுக்க முடியவில்லை.

இப்போது திருமுல்லைவாயிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஐந்து மணிச் சங்கு லேசாகக் கேட்கும். எங்கே நின்றாலும் உட்கார்ந்துவிடுகிறேன். கால் வலி என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

அது நாவற்பழம் இல்லை மச்சான். கீழே அதே கட்டைவிரலை வைக்கிறேன். இந்தத் தடவை பக்கத்தில் பேரையும் எழுதச் சொல்லிவிட்டேன்.