குழாயோடு வந்த பிழை

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்க முட்டி வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயித்துல போடாதீங்க. நான் நல்லா இருக்கேன்.

ஒரு மீட்டர்னா எவ்வளவு நீளம்னு நம்ம நாட்டுக்கே சொல்ற லேசரை மடியில வச்சுக்கிட்டு விமானம் ஏறினேனே, அதை இந்த வெளிநாட்டு ஆய்வகத்து லேசரோட ஒப்பிட்டாங்க. ரெண்டு ஒளியையும் ஒண்ணா விழவச்சா வித்தியாசம் எண்ணா வந்துடும். வந்துச்சு, பெருசா! நம்மளோடதுதான் தப்புன்னு எல்லாரும் என்னைப் பாவமா பார்த்தாங்க. நானும் பெட்டியைக் கட்டத் தயாராயிட்டேன்.

எதுக்கும் பார்ப்போம்னு ரெண்டு லேசருக்குள்ளயும் ஒளியை மாறாம பிடிச்சு வைக்கிற அயோடின் குழாய்களை மாத்திப் போட்டோம். தப்பு அவங்க குழாயோடவே நம்ம லேசருக்கு வந்துடுச்சு, கெட்டது அவங்க குழாய்தான்! தலைமை விஞ்ஞானி பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டார். எத்தனையோ நாடுகள் வந்து சரிபார்த்துட்டுப் போன லேசர் அத்தை அது!

கைதட்டிச் சிரிச்சேன். அப்புறம்தான் என் தலையில இடி விழுந்துச்சு. இங்க சரிபார்த்துட்டுப் போன அந்த நாடுகளோட லேசர் எல்லாத்தையும் இனி நம்மளோடதோட ஒப்பிடணுமாம். மூணு மாசம் இருக்கச் சொல்லிட்டாங்க. நம்மளோடது தப்பா இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பேன்.

உங்க பிள்ளைகிட்ட நீங்களே பதமா சொல்லுங்க. ஆய்வகம் குளிருது, என் பச்சை ஸ்வெட்டரை அனுப்புங்க. பாப்பா எச்சில் பட்டிருந்தா துவைக்க வேண்டாம்.

கூப்பிடுறாங்க, போகணும். பாப்பா சுவரைப் பிடிச்சு நிக்கிறாளாமே? நான் வர்றவரைக்கும் நடக்க மட்டும் விட்டுடாதீங்க. உங்களுக்கு முட்டி வலிக்கும், தெரியும். ஆனாலும் தூக்கியே வச்சுக்கோங்க அத்தை.

உங்கள் மருமகள்