கையை விட்ட செல்கள்

போடிநாயக்கனூர், 1988

தம்பிக்கு,

ஐந்து வருஷம் பேசாமல் இருந்தது போதும். போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் உன் பங்கை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். நாள் முழுக்க ஏலக்காயைக் கடித்துத் தரம் பார்க்கிற எனக்கு நாக்கு எரிவது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். வாயில் வாடை வந்தபோதும் இன்னொரு காயைப் போட்டு மறைத்தேன்.

"சோத்துல உப்பில்லைன்னுகூட இப்பல்லாம் வைய மாட்டேங்கிறீக, என்ன செய்யுது?" என்று உன் மதினி கேட்ட பிறகுதான் மதுரைக்குப் போனேன். டாக்டர் புற்றுநோய் என்றார். கழுத்தில் இருந்த கட்டியைத் தடவியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாயே: "மேல்தோல் செல்லுக ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சிருக்கும்ணே. உள்ள எந்த ஜீனோ அணைஞ்சு எதுவோ முழிச்சா, உருவம் மாறி, கையை விட்டுட்டுத் தனியா வேற எடத்துக்கு ஊர்ந்து போயிரும். அது எந்த ஜீனுன்னுதான் தேடுறோம்."

"ஒன்னைய மாதிரின்னு சொல்லு" என்றேன். நீ பாதிச் சோற்றில் எழுந்து ஜீப்பில் ஏறினாய்.

அந்த ஜீனைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அணைந்ததை மறுபடி எழுப்ப முடியுமா? ஊர்ந்து போனவை திரும்பி வந்து ஒட்டுமா? கழுத்தைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் கேட்டால் உனக்குப் பதில் எழுத மனம் வராது. எவனோ ஒரு நோயாளி கேட்பதாக நினைத்து எழுது. அதற்காகத்தான் கீழே என் பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.