உறைமேல் எழுதிய பச்சைக் கதவு

க்வமாக்கா,

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது; சோளமாவு உகாலியை நீங்களே கிளறிக்கொள்ளுங்கள். நான் என் தங்கை, உங்கள் கொழுந்தியாள் சேக்கேலாவைப் பார்க்க இரிங்கா ஊருக்குப் போகிறேன்.

தபால்தலை விலை ஏறியதிலிருந்து அவளுக்கான கடிதங்களைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறீர்கள். தபாலுக்கு வீட்டு முகவரி வேண்டாம், தபால் நிலையத்தில் அவளுக்குள்ள பெட்டி எண் போதும். கண்டக்டருக்கு உறைமேலேயே வீட்டு அடையாளம் எழுத வேண்டும். பஸ்ஸில் எவனும் படிப்பானே என்றேன். “அவனவனுக்கு ஆயிரம் கவலை, போடி” என்று சிரித்தீர்கள்.

காலையில் லுவிட்டிகோ வந்தான். எந்தப் புருஷனுக்குப் பயந்து அவள் ஒளிந்திருக்கிறாளோ, அவனேதான்.

“பச்சைக் கதவு, பக்கத்துல மாவு மில்லு. சரிதானே அக்கா? பெட்டி நம்பரை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் அலைஞ்சேன்!” என்றான்.

சாவி எதிர்வீட்டில். போலீசிடம் போங்கள்.

பி.கு.: எதிர்வீட்டுக்காரி இப்போதுதான் சொன்னாள். இரிங்காவுக்குப் போன முதல் பஸ்ஸில் அவன் இருந்தானாம்.