பெயர் எழுதிய பொட்டலங்கள்

பெங்களூர், 14.6.1999

அன்புள்ள அம்மாவுக்குப் பொற்கொடியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், தூக்கம்தான் போதவில்லை.

எங்கள் குழுவில் ஒவ்வொருவர் பெயரும் எழுதி நீங்கள் அனுப்பிய ஒன்பது கச்சாயப் பொட்டலங்களும் வெல்ல வாசனை மாறாமல் வந்தன. ஆனால் இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களில் தேதியைத் திருத்தும் வேலை தாங்காமல் ஆறு பேர் வேலையைவிட்டே நின்றுவிட்டார்கள். அவர்கள் வேலையும் எங்கள் மூவர் தலையில்தான். ரேவதியின் இடத்துக்குப் புதிதாக வந்த ஈரோட்டுக்காரர் அவள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, "ஏனுங்க, உங்கம்மா கைப்பக்குவம் நம்மூர் ருசியாட்டவே இருக்குதுங்க" என்றார். சிரித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவரும் நின்றுவிட்டார்.

தலைக்கு விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். கச்சாயம் கொஞ்சம் போதும். இனி யார் பெயரும் எழுத வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். என் பொட்டலத்தில் மட்டும் பெயர் எழுதுங்கள் அம்மா. உங்கள் கையெழுத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

பொற்கொடி