பூவுக்குக் கீழே சப்பாத்து

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சோபனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கச்சியும் நானும் சுகம், நீயும் மருமகனும் குட்டியும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன் என்று வழக்கம்போலத்தான் தொடங்கினேன். அம்மன் என்ற சொல் வந்ததும் எனக்கு வாய் நின்றுவிட்டது. ஏன் என்று வாசிக்க விளங்கும். கையெழுத்து தங்கச்சியுடையது. என் வலத் தோள் இறுகிக் கிடப்பது உனக்குத் தெரியும்தானே, அரைப் பக்கம் எழுதினாலே முழங்கை வரைக்கும் குத்து இறங்குகிறது, அதனால் நான் சொல்லச் சொல்லப் பிரசாந்தி எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரி எழுதாமல் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள், மற்ற ஆட்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே விடச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு ஏலாது.

போன மாதம் நீ சொன்னாய், பிள்ளை பிறந்த பிறகு உடம்பு வைத்துவிட்டது அம்மா, ஜிம்மில் சேர்ந்தேன், எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, இரண்டு நாளோடு விட்டுவிட்டேன் என்று. நான் உடனே, அது நல்லது பிள்ளை, உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது, வீட்டுக்குள்ளேயே நட என்றேன். அதைச் சொல்லும்போது என் கால் சப்பாத்துக்குள் இருந்தது மகள். அன்றைக்கு அவசரத்தில் ஜிம்மிலிருந்து சப்பாத்தைக் கழற்றாமலே சேலைக்குக் கீழே மறைத்துக்கொண்டு வந்து, கதிரையில் இருந்தபடி உன் வீடியோ கோலை எடுத்தேன். நீ என் முகத்தை மட்டும்தான் கண்டாய்.

தோளுக்கு மருந்து பாதி, பயிற்சி பாதி, என்னைப் போல இரத்தத்தில் சீனி உள்ளவர்கள் இதை இப்படியே விட்டால் பிறகு கை உயராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தலை வாரி இழுக்க ஏலாது, சட்டைக் கொக்கி போட ஏலாது, எல்லாம் பிரசாந்திதான். உட்துறைமுக வீதியில் மாபிள் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம், காலையில் பெண்களுக்கு மட்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற பஹ்மியா என்ற பிள்ளை பழக்குகிறாள். எனக்கு அங்கே போவதை விடப் போகிற வழிதான் பயமாக இருந்தது. எங்கள் ஒழுங்கை எவ்வளவு ஒடுங்கின தெரு என்று உனக்குத் தெரியும், விடியக் கேற்றைத் திறந்தால் எங்கே பயணம் என்று கேட்காமல் விடமாட்டார்கள். ஐம்பது தாண்டின மனுசி சப்பாத்தும் காற்சட்டையுமாகப் போனால் என்ன சொல்லுவார்கள்? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உடுப்புக்கு மேலே சேலையைச் சுற்றி, பூக்கூடைக்குள் அடியில் சப்பாத்தைப் பையில் போட்டு வைத்து, அதற்கு மேலே முற்றத்து அலரிப்பூவைப் பரப்பிக்கொண்டு, அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனேன். பூவுக்குக் கீழே சப்பாத்து. பிரசாந்தி கண்டு திகைத்துப்போனாள், பூவுக்கும் சப்பாத்துக்கும் இடையில் பை இருக்குத்தானே என்றேன். இப்போது எழுதும்போதும் அதே மாதிரித்தான் பார்க்கிறாள்.

முதல்நாள் சேலையோடே அந்தச் சைக்கிளில் ஏறப் போனேன். பஹ்மியா ஓடிவந்து, அக்கா, இதோட ஏறினா சேலையும் சைக்கிளும் ஒண்டாத்தான் இறங்கும் என்றாள். சுவர் முழுக்கக் கண்ணாடி. பிரசாந்திக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் ஒரு பக்கம் நின்றா, நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று கையை ஆட்டினேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை, ரீச்சர் தன்னுடைய மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. ஆனாலும் நான் தூணை விட்டு வெளியே வரவில்லை. நீங்க மூச்சு விடுறீங்க இல்ல அக்கா, ஆரையோ ஏமாத்தப் போற ஆள் மாதிரிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க என்று பஹ்மியா சிரித்தாள். அவள் பகிடிக்குச் சொன்னாள்.

ஒரு மாதமளவில் இப்படிப் போனது. ஒழுங்கைக்குள் எனக்குப் பெரிய பக்தை என்று பெயர். அந்தநேரம்தான் முன்வீட்டுக் கனகசுந்தரம் மாமாவுக்குக் கண்டியில் பைபாஸ் ஓப்பரேசன் என்று முடிவானது. அன்னலட்சுமி மாமி அவரோடு கண்டிக்குப் போகிறதுக்கு முன்னம் என்னிடம் வந்து, ரத்தினம், நீ நாளும் அம்மனிட்டப் போறாய், ஓப்பரேசனுக்கு முதல்நாள் இவரின்ர பேருக்கு ஒரு அருச்சனை செய்து திருநீறு எடுத்து சிந்துஜனிட்டக் குடுத்துவிடு, சதய நட்சத்திரம், மறந்திடாத என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. சிந்துஜன் அன்று காலைப் பஸ்ஸில் தகப்பனிடம் போக இருந்தான். அக்கா, நான் போறது கோயிலுக்கு இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஓம் அக்கா என்றேன்.

அன்றைக்கு நேரே கோயிலுக்குப் போயிருக்கலாம். ஜிம்மைச் சுறுக்காக முடித்துவிட்டு வந்து, முழுகி, பூசைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அங்கே கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கப்பி, இடது கையால் கயிற்றை இழுத்தால் வலது கை மேலே போகும். அன்றைக்குத்தான் மகள், என் வலது கை காது தாண்டி முழுதாக உயர்ந்தது. நான் சந்தோசத்தில் கத்திவிட்டேன். பஹ்மியா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள், ரீச்சர் கை தட்டினா, நான் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன், திரும்பவும் உயர்த்தினேன், திரும்பவும். இறங்கி வந்து பார்த்தால் பூசை முடிந்து கோயில் திரை போட்டாயிற்று, உடம்பெல்லாம் வியர்வை, வீட்டுக் கேற்றடியில் சிந்துஜன் பையோடு, அன்ரி பஸ் போகப்போகுது என்று நிற்கிறான். நான் உள்ளே போய், முகம்கூடக் கழுவாமல், எங்கள் சாமியறைத் திருநீற்றைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அம்மன் காத்தது, மாமா சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டார். மாமி மோதகம் அவித்துக்கொண்டு வந்து, உன்ர அருச்சனைதான் அவரைக் கொண்டுவந்தது, மிஞ்சின திருநீற்றை இன்னும் தலையணைக்குக் கீழ வைச்சுக்கொண்டுதான் படுக்கிறார் என்று சொன்னா. அந்த மோதகத்தை நான் தொடவில்லை. அடுத்த நாள் மாமியின் குசினிக்குப் போய் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மாமி கத்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, சாமியறைத் திருநீறும் திருநீறுதான், அதில எனக்குக் கோவமில்லை, ஆனா இவ்வளவு நாளும் என்ர கேற்றைத் தாண்டிப் பூக்கூடையோட போயிருக்கிறாய், நான் அறிஞ்சா என்ன செய்வன் எண்டு நினைச்சனீ என்று கேட்டா. சிரிப்பியள் எண்டு நினைச்சன் அக்கா என்றேன். போன வருசம் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டு இருக்க, எங்கள் வயதில் ஒரு மனுசி தொப்பியும் சப்பாத்துமாக வேகமாக நடந்து போனா. உந்த வயசில ஓடி எந்தக் கப்பலைப் பிடிக்கப்போறா எண்டு நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருந்தது அக்கா என்று சொன்னேன். மாமி கத்தியைக் கீழே வைத்தா. அதை நான் சொல்லேல்லையடி, நீதான் சொன்னது, நான் உன்னோட சேர்ந்து சிரிச்சன் என்றா.

நான் மறுக்க வாய் எடுத்தேன், எடுக்கும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. என்னுடைய குரல்தான். மாமி என்னைப் பார்க்காமல், அந்தக் கிழமைதான் இவரை டொக்டர் நாளும் நடக்கச் சொல்லியிருந்தவர், ரெண்டு பேருமாப் பின்னேரத்தில கடற்கரையில நடப்பம் எண்டு உனக்குச் சொல்ல இருந்தனான், நீயும் வாவன் எண்டு கேக்கவும் இருந்தனான், அதுக்குப் பிறகு ஒரு மாதிரியாப் போச்சு, நடக்கேல்லை, அதாலதான் இவருக்கு நெஞ்சு வருத்தம் கூடினது எண்டு நான் சொல்லேல்லை என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தா. நான் எழும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாமி என்னோடு கதைக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ஒரு பகிடிக்கு ஆரும் நடக்காமல் விடுவினமே என்று ஆறுதல் சொன்னார். விடுவார்கள் மகள். நான் ஒரு சேலையும் ஒரு கூடைப் பூவும் வைத்துக்கொண்டு ஒளித்துப் போனேனே. மற்ற ஆட்களின் வாய்க்குப் பயந்தேன், பயந்த வாய் என்னுடையதாக இருந்தது. நீயும் அங்கே அந்த ஜிம்மில் நின்று மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தபோது, உன் காதுக்குள் கேட்டது என்னுடைய குரலோ என்று நினைத்து நான் நித்திரையில்லாமல் கிடக்கிறேன். நீ சின்னனாக இருக்கும்போதும் நான் ரோட்டில் போகிறவர்களைப் பற்றி இப்படித்தான் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன்.

இப்போது நான் கூடை கொண்டுபோவதில்லை. காற்சட்டையும் நீளச் சட்டையும் போட்டு, எங்கள் வாசலில் இருந்தே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போகிறேன். முதல்நாள் ஒழுங்கைக்குள் கேட்டவர்களுக்கு ஜிம்முக்கு என்றேன், ஒருவர் சிரித்தார், மற்றவர் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். நேற்றுப் பின்னேரம் மாமி மாமாவைக் கையில் பிடித்து ஒழுங்கைக்குள் மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்தா. மாமா குனிந்த தலையோடு வந்தார், மதிலுக்கு மேலால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வீட்டுக்குள் இருக்க ஏலவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய், அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால், பஹ்மியா சொல்லித் தந்த மாதிரிக் கையை மேலே தூக்கித் தூக்கி நடந்தேன். பார்க்கிறவர்கள் என்னைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்தார்கள். மாமி திரும்பிப் பார்க்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரைக்கும் மூன்று பேருமாக நடந்தோம்.

நீ அந்த ஜிம்முக்குத் திரும்பப் போ பிள்ளை. அன்றைக்கு நான் சொன்னதை விட்டுவிடு. குட்டிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும், அதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தாலும் சொல்லாமல் இருக்க ஏலாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கிழமைக்குள் மாமாவுக்கு ஒரு கோல் எடுத்துச் சுகம் விசாரி. மாமிதான் போனை எடுப்பா. எனக்காக ஒன்றும் கதைக்க வேண்டாம், நீ ஜிம்முக்குப் போகிறதை மட்டும் சொல்லு.

உன்னை நினைத்தபடி,
அம்மா
இரத்தினேஸ்வரி இராசதுரை