உன் பெயர் போட்ட டிக்கெட்

என் மேசையில் ஒரு டிக்கெட் கிடக்கிறது. மாதிரிக்கு அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். மை வாசம் இன்னும் போகவில்லை. வெளிர்பச்சைத் தாள், மேலே நகரசபையின் சின்னம், அதன் கீழே கொட்டை எழுத்தில் உன் பெயர், பிறகு ‘நினைவு விளையாட்டு மைதானம்’. அதற்கும் கீழே ‘நுழைவுக் கட்டணம்’ என்று போட்டு, தொகைக்கு இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். தொகையைக் கூட்டத்தில் தீர்மானிப்பதாக ஏற்பாடு. உன் பெயரை மட்டும் முந்திக்கொண்டு தீர்மானித்துவிட்டார்கள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ உயிரோடு உட்கார்ந்திருந்தபோது உன் பெயரை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொன்ன சபையா இது? ‘அந்தத் தோட்டத்து மெம்பர்’ என்பார்கள். நீ பேச எழுந்தால் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்வார்கள். இப்போது என்னடாவென்றால் உன் மேல் பாசம் பொங்கி வழிகிறது.

அந்த டிக்கெட்டில் உள்ள தமிழ் என்னுடையதுதான். நகரசபைக் கந்தோரில் இருபது வருஷமாக எனக்கு அதுதானே வேலை. சிங்களத்தில் தருவதைத் தமிழாக்குவேன். கூட்டம் நடந்தால் நடுவில் நின்று இந்தப் பக்கம் பேசியதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கம் பேசியதை இந்தப் பக்கத்துக்கும் சொல்லுவேன். நீ மெம்பராகி வந்த முதல் நாள், கூட்டம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, “ஏய் புள்ள, இவனுங்க விடுற கதைய நாங்க ஒரு தடவதான் கேக்குறோம். நீ ரெண்டு தடவ கேக்கணுமே, எப்படித் தாங்குற?” என்று கேட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கந்தோரில் நான் சத்தமாகச் சிரித்ததே கிடையாது.

அந்த மைதானம் நமக்குப் புதிதா? நாம் பள்ளிக்கூடத்து நெட்போல் டீமில் சேர்ந்தபோது அது பாதி சேறு, பாதி கல். உன் அப்பாவும் என் அப்பாவும் தோட்டத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து வெட்டிச் சமப்படுத்தியது. பெக்டரியில் கழித்துப்போட்ட பைப்பை நட்டு, அதில் வளையம் கட்டித் தந்தார்கள். சபையிலிருந்து ஒரு கூடை மண்கூட வரவில்லை. கொட்டகலைக்கு ரயிலேறிப் போய்ப் படுதோல்வி அடைந்து திரும்பிய அன்று, “நம்ம மைதானத்துல வச்சிருந்தா சேத்துலயே அவளுகள சாய்ச்சிருப்போம்” என்று வழி நெடுக நீ சொல்லிக்கொண்டு வந்தாய். அந்தச் சேற்றுக்குத்தான் இப்போது ‘பொதுப் பொழுதுபோக்கு வசதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது மைதானம் இல்லை, உங்கள் வரிசைவீட்டு லயம் எரிந்த அந்தப் பிற்பகல்தான்.

நீ அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாய். கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இருந்த நேரம், லயத்தில் நாலாவது வீட்டுக் காம்பராவில் புகை கிளம்பியது, காற்று ஐந்தாவதின் பக்கம் அடித்தது. லயம் பிடித்தால் அணைக்க முடியாது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை. எரிகிற காம்பராவுக்கு அடுத்ததைக் கைவிட்டு, அதற்கும் அடுத்த காம்பராவின் கூரையைக் கழற்றி இறக்கினால்தான் தீ அதோடு நிற்கும். ஆனால் அடுத்தவர் கூரையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த வீட்டு ஆளே ஏறி முதல் தகரத்தைக் கழற்ற வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். ஆறாவது காம்பரா உன்னுடையது. யாரும் உன்னைக் கேட்கவில்லையாம். நீ பிள்ளைகளைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு அனுப்பிவிட்டு, தகரத்தை நெம்ப அலவாங்கை எடுத்துக்கொண்டு ஏறினாயாம்.

கீழே உன் வீட்டுக்காரர் போன் எடுத்தார். இரவு வேலை முடிந்து பெக்டரியிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர். தீயணைப்பு வண்டிக்காகச் சபைக்கு அடித்தார். பேசுகிறவர் தமிழ் என்றதும் அங்கிருந்த அதிகாரி ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“தங்கச்சி, நீங்களா? லயம் எரியுது தங்கச்சி, வண்டிய அனுப்பச் சொல்லுங்க!”

நான் சொன்னேன். அதிகாரி, நகர எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்கச் சொன்னார். எங்கள் கந்தோர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் உங்கள் லயம் தெரியும். புகையும் தெரிந்தது. ஆனாலும் நகர எல்லைக்கல் அதற்கு இந்தப் பக்கம், பேக்கரிக்குப் பக்கத்தில் அல்லவா நிற்கிறது! நான் அந்தக் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டேன். “அண்ணே, அது எல்லைக்கு உள்ளயா, வெளியயா?” என்று கேட்டேன். அந்தப் பக்கமிருந்து தகரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

யாரிடமோ அனுமதி வாங்கி வண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐந்தாவது காம்பராவோடு தீ நின்றது. வந்தவர்கள் கரியைக் கழுவிவிட்டு, வந்ததற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று பெய்த மழையில் நீ கூரையில்லாத வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நின்றாயாம். இதே வண்டிதான் பிறகு சபைத் தலைவரான தவிசாளர் ஐயாவின் புதுவீட்டு முற்றத்தைக் கழுவப் போனது. அந்த வீடும் எல்லைக்கு வெளியேதான். அப்போது யாரும் கேள்வி கேட்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் நான் உன்னைப் பார்க்க வந்தேன். ‘நான் கேக்கல, அவங்க கேக்கச் சொன்னாங்க’ என்று என்னென்னவோ உளறினேன். நீ கையில் தார் அப்பிக்கொண்டு, திரும்ப ஏற்றிய தகரத்தின் ஆணி ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாய். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேள்வி அவனுங்களோடது, சரி புள்ள. வாய் யாரோடது?” என்றாய். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தாய்.

அந்த எரிச்சலில்தான் நீ நகரத்துக்குள் இருக்கிற என் வீட்டு விலாசத்தில் பெயரைப் பதிந்து, நகரசபைத் தேர்தலில் நின்றாய். பேக்கரிக்கு இந்தப் பக்கம், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்து குடியேறியவர்கள் உன் வீட்டு ஆட்கள் மாதிரியே உழைத்தார்கள். நீ ஜெயித்தாய். வந்த சில மாதத்தில் அந்தத் தாள் மேசைக்கு வந்தது. மைதானத்துக்கு நுழைவுக் கட்டணம். எல்லைக்கு வெளியே தீயணைப்பு வண்டியை அழைத்தால், அழைத்தவர் பெயரில் கட்டணம். வீடு எரிந்தவர் இல்லை, போன் எடுத்தவர்! இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு மாலை போடலாம்.

நீ எழுந்தாய். “தவிசாளர் ஐயா, இனிமே லயத்துல தீப்பிடிச்சா யாரும் வாளி தூக்க மாட்டாங்க. போனைக் கையில வச்சிக்கிட்டு, நீ அடி, நீ அடின்னு நிப்பாங்க. அதுக்குள்ள பன்னெண்டு காம்பராவும் போயிரும். கூட்டத்துக்கு வந்து ஒக்காரதுக்கு நமக்கு படி குடுக்குறாங்க. மைதானத்துல ஓடுறதுக்கு புள்ளைங்க நமக்குக் காசு குடுக்கணுமா?”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அன்று மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. எதிர்ப்பக்கம் இருந்த இரும்புக்கடை முதலாளி, எப்போதும் உன்னோடு முட்டிக்கொள்கிற மனுஷன், அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துவிட்டு உன் பக்கம் கையைத் தூக்கினார். தாள் அலமாரிக்குப் போனது.

நீ நோயில் படுத்த பிறகும் அந்த அலமாரியைப் பற்றித்தான் கேட்டாய். நீ போனாய். அலமாரி திறந்துவிட்டது.

தவிசாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேள். “மிஸ், மைதானத்துக்கு அவங்க பேரையே வச்சிருவோம். அவங்க பேரு இருந்தா தோட்டத்து ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க. முதலாளியும் மரியாதைக்குக் கையத் தூக்கிருவாரு. நீங்க அவங்க கூட்டாளிதானே, வீட்டுக்காரர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்திருங்க.” என் முகத்துக்கு நேரே சொன்னார். இருபது வருஷமாக வாய் பேசாத ஒன்றின் முன்னால் பேசிப் பழகிய தைரியம். நம்ம ஆள், தமிழ் ஆள் என்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோமே, அந்த நம்ம ஆள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை டைப் செய்தேன். அவரை ஏசுவதற்கு முன்னால் என்னைத்தான் ஏச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்கார அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் காத்திருந்தார். லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. “பேரு வைக்கிறாங்கன்னா நல்லதுதானே தங்கச்சி. அவளுக்குக் கெடைக்க வேண்டியதுதானே” என்று பேனையைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி. கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, மறைக்க மாட்டேன். தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலே பார்த்தேன். தகரத்தில் நீ அடைத்த தார்ப்பொட்டுகள் வரிசையாக இருந்தன. கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “அவ பேருல காசு வாங்கப் போறாங்களா?”

“ஆமாண்ணே. வண்டிக் கட்டணத்தையும் சேத்துத்தான் கொண்டு வர்றாங்க.”

“போன் பண்றவங்க பேருலயா?”

“ஆமாண்ணே.”

டிக்கெட்டை என்னிடமே திருப்பித் தந்தார். “அன்னைக்கி அவ கூரைல ஏறுனா. நான் போன் பண்ணுனேன். ரெண்டுல நான் செஞ்சதுதான் தங்கச்சி வீணாப் போச்சு.” என்னைக் குத்திச் சொல்லவில்லை. அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவருக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. நான் டைப் செய்த கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையால் எழுதித் தந்தார்.

திங்கட்கிழமை அதைத் தவிசாளரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், ஃபைலுக்குள் வைத்தார். “சரி மிஸ், நீங்க போங்க” என்றார்.

வியாழக்கிழமை கூட்டம். கட்லட், தேத்தண்ணி, எல்லாம் முறைப்படி. தவிசாளர் எழுந்து உன்னைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். இடையில் கைக்குட்டையால் கண்ணைக்கூடத் தொட்டுக்கொண்டார். கடைசியில், “குடும்பத்தார் மனமகிழ்ந்து சம்மதம் தந்திருக்கிறார்கள்” என்று முடித்துவிட்டு, சிங்களத்தில் நான் சொல்வதற்காக நிறுத்தினார்.

நான் சிங்களத்தில் சொன்னேன்: குடும்பம் சம்மதிக்கவில்லை. கணவர் எழுதிய கடிதம் தவிசாளரின் ஃபைலில் இருக்கிறது.

பிறகு, வழக்கப்படி, அதைத் தமிழிலும் சொன்னேன்.

தவிசாளர் ஃபைலின் மேல் கையை வைத்துக்கொண்டார். இரும்புக்கடை முதலாளிதான் முதலில் பேசினார். “கோ ஏ லியும?” அந்தக் கடிதம் எங்கே என்று கேட்கிறார். ஃபைல் திறந்தது. கடிதம் தமிழில் இருந்ததால் படித்துச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. இரண்டு மொழியிலும் படித்தேன்:

“என் சம்சாரம் உசுரோட இருக்கும்போது வேணாம்னு சொன்னத, அவ செத்த பிறகு அவ பேர்ல செய்ய வேணாம். மைதானத்துக்கு அவ பேரு தேவையில்ல. கதவு தொறந்திருந்தா போதும்.”

முதலாளி கையைத் தூக்கவில்லை. அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தூக்கவில்லை. இரண்டு கட்டணமும் விழுந்தன. சந்தோஷப்படாதே, வேறு யாராவது செத்துப்போன நல்லவரைத் தேடிப் பிடித்து அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு வேறு என்ன வேலை? இப்போதைக்குக் கதவு திறந்திருக்கிறது. நேற்று மாலை அந்த வழியாக வந்தேன். சேற்றில் ஒரு நெட்போல் டீம் கத்திக்கொண்டிருந்தது.

இன்று காலை எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. சபையில் தவிசாளர் சொல்லாத வாக்கியத்தைச் சொன்னதாக மொழிபெயர்த்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திருப்தியான பதில் இல்லாவிட்டால் வேலை போகும். கடிதம் சிங்களத்தில் இருக்கிறது. என் வேலைப் பதிவுகள் இருக்கிற சுயகோவைக்கு அதன் தமிழ்ப் பிரதியும் வேண்டுமாம். கந்தோரில் வேறு ஆள் கிடையாது. என்னை விரட்டுகிற கடிதத்தை நானே உட்கார்ந்து தமிழாக்கினேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

அச்சுக்காரனுக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன டிக்கெட்டை நான் அனுப்பவில்லை. கைப்பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். தார் அப்பிய கையோடு நீ கேட்டாயே ஒன்று, அதற்கு இத்தனை வருஷமாக நான் பதில் சொல்லவில்லை. விளக்கக் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், ஒரே ஒரு வரி, கீழே என் கையெழுத்து.

‘வாய் என்னுடையது.’