மறுபடியும் முதலில் இருந்து

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டார் டாக்டரம்மா. நடக்கணுமாம். பேன்ட் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற என்று கடையில் ஆட்கள் தலைக்கு மேல் நிற்கிறார்கள். நான் எங்கே போய் நடக்க? அப்படியென்றால் வீட்டிலேயே டிவியைப் பார்த்து ஆடுங்கள் என்று ஒரு வீடியோவின் பெயரைச் சொன்னார். ஆடுவதாம். இந்த வயசில்.

இவர் உடனே தேடி எடுத்து வைத்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, பட்டன் இருக்கிற எதுவும் தனக்கு அத்துப்படி என்கிற நினைப்பு.

மார்ச் 4, புதன்

ஆடினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டே குதிக்கிறாள். அவளுக்கு மூச்சே வாங்காதா? சிரிப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். முதலில் கையை நீட்டி, காலை மடக்கி ஏதோ செய்கிறாள், அது பரவாயில்லை. பாட்டு வேகம் பிடித்ததும் அவள் ஒரு பக்கம் போகிறாள், நான் சோபாவில் போய் இடித்துக்கொள்கிறேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஆடணுமா, எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து ஆடுகிற மாதிரியா? யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஒற்றைக்காலில் நின்று முழுச் சுற்று சுற்றச் சொல்கிறாள். போதும்டியம்மா என்று ரிமோட்டை அமுக்கிவிட்டேன்.

கீழ்வீட்டு வாத்தியார் துடைப்பக்கட்டையால் அவர் வீட்டுக் கூரையைத் தட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் இவர்.

மார்ச் 5, வியாழன்

நேற்று நிறுத்தினது அந்தச் சுற்றுகிற இடத்தில். இன்று அங்கிருந்து தொடரலாம் என்று போட்டால் முதலில் இருந்து ஓடுகிறது. மறுபடியும் கையை நீட்டு, காலை மடக்கு. என் நேரம்.

மார்ச் 7, சனி

இன்றும் முதலில் இருந்து! நீங்கள் ஏதாவது தொட்டீர்களா என்று இவரைக் கேட்டது தப்பாகப் போயிற்று. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து டிவியின் முதுகைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம். இப்போது சத்தம் ஒரு பக்கம்தான் வருகிறது. வீடியோ அதே லட்சணத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

ஹாலில் இடிக்கிறதே, பெண்ணின் அறை காலியாகத்தானே இருக்கிறது, டிவியை அங்கே மாற்றலாமா என்றார் இவர். வேண்டாம் என்றேன்.

அது அவள் அறை. ஆபீசுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கப் போகிறேன் என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது அக்டோபரில். போறதுன்னா போ, அப்புறம் இந்த வாசப்படி ஏறாதே என்றேன். நீயா வந்து கூப்பிடற வரைக்கும் ஏற மாட்டேன் என்றாள். சரி, யார் பிடிவாதம் ஜெயிக்கிறது என்று பார்ப்போம். இவர் மொட்டைமாடியில் நின்று அவளிடம் போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். துணி காய்ந்ததா என்று பார்க்கப் போகிறாராம். காயப்போட்டதே நான்.

மார்ச் 12, வியாழன்

இன்றும் முதலில் இருந்து. கடைக்காரனையே கூப்பிட்டு இந்த டிவியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லப் போகிறேன் என்று கத்தினேன். இவர் தலையைச் சொறிந்தார்.

"டிவியில கோளாறு இல்ல. வீடியோ பார்க்கற இந்தக் கணக்கு நம்ம பொண்ணு பேர்ல போட்டது. அவ போன்லயும் இதேதான் திறக்கும். அவ அங்க தொட்டா இங்க மாறும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியென்றால், நான் எந்த இடத்தில் மூச்சு முட்டி நிறுத்துகிறேன் என்று தினமும் பார்க்கிறாள். பார்த்துவிட்டு அழிக்கிறாள். அம்மா பெயில், மறுபடியும் எழுது என்று இம்போசிஷன் கொடுக்கிறாளா? என்ன திமிர் இருக்கணும்.

வேறு கணக்கு ஆரம்பியுங்கள் என்றேன். சரி என்று இவரும் ரிமோட்டை எடுத்தார். அப்புறம் நானே, நாளைக்குப் பார்த்துக்கலாம், முதல்ல சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 14, சனி

முதலில் இருந்து.

மார்ச் 16, திங்கள்

கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் டிவியைப் போடுகிறேன். வீடியோ முதலுக்கே போய் நிற்கிறது. அப்பாடா என்று இருந்தது. அப்பாடாவா? எனக்கு என்ன வந்தது?

இன்ச் டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

மார்ச் 18, புதன்

இன்று நான் நிறுத்தின இடத்திலேயே இருக்கிறது. நல்லது, தொல்லை விட்டது என்று நடுவிலிருந்தே ஆடினேன். முட்டி பிடித்துக்கொண்டது.

மார்ச் 19, வியாழன்

அதே இடம். சிரிப்புக்காரி ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறாள். நான் ஆடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அதே இடம்.

கடையில் ஒருத்தருடைய புது பேன்ட்டில் ஒரு காலைக் குட்டையாக வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லை. புதுத்துணி வாங்கித் தைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

மாடிக்குப் போகலையா என்று இவரைக் கேட்டேன். திருதிருவென்று விழித்தார். அப்புறம், அவள் போன் இரண்டு மூன்று நாளாக அணைந்தே கிடக்கிறது, வேலை அதிகமாக இருக்கும் என்றார்.

வேலையாம். என்ன மனுஷன் இவர்? தனியா இருக்கற பொண்ணு, ஜுரத்துல கிடந்தா யாரு பார்ப்பாங்க? ஜுரம் வந்தா தண்ணி கூட வேண்டாம்பா, பக்கத்துல நின்னு திட்டினாதான் குடிப்பா. அங்க யார் இருக்கா திட்ட? பயமா இருக்கு. வாசப்படி ஏறாதேன்னு நான் சொன்னது அவளைத்தானே. அவ வாசப்படியை நான் ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

மார்ச் 21, சனி

கடையைத் திறக்கவில்லை. கூட வருகிறேன் என்ற இவரை, ஒருவேளை அவள் இங்கே வந்தால் என்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் விலாசத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் பெண் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. கதவைத் தட்டினேன்.

திறந்தாள். ஈரத்தலையோடு, எதையோ மென்றுகொண்டு, குத்துக்கல் மாதிரி நின்றாள். போன் துணி ஊறவைத்த பக்கெட்டில் விழுந்துவிட்டதாம், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாளாம். உயிர் வந்தது. கூடவே ஓங்கி ஒன்று வைக்கணும் போலவும் இருந்தது. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை.

"அந்தச் சுத்தற இடம் எனக்கு வரல," என்றேன்.

"தெரியும். அப்பா சொன்னார், நீ ஆடறேன்னு. அங்கதான் நிறுத்துவ. மறுநாள் அவசரத்துல நடுவுல இருந்து ஆரம்பிப்ப. கை கால் பழகாம குதிச்சா உன் முட்டி தாங்காதும்மா. அதான் தினமும் முதலுக்குத் தள்ளி வெச்சேன்."

ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். நீ எடுத்திருப்பியா என்றாள். பக்கத்து வீட்டுப் போனிலாவது அப்பாவுக்குச் சொல்லக் கூடாதா, வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பக்கெட் பக்கத்தில் போனை வைக்கக் கூடாதென்று தெரியாதா என்று திட்டிக்கொண்டே அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

கிளம்பும்போதுதான் சொல்ல வந்தது. "வீட்டுக்கு வாடி."

மார்ச் 29, ஞாயிறு

காலையிலேயே வந்தாள். இங்கேயே தங்க மாட்டாளாம், ஞாயிறு ஞாயிறு வருவாளாம். சரி என்றேன். சண்டை போடத் தெம்பில்லை, ஆடி முடித்த களைப்பு. இரண்டு பேர் சேர்ந்து குதித்ததில் வாத்தியார் துடைப்பக்கட்டையை விட்டுவிட்டு நேரிலேயே மேலே வந்துவிட்டார். இவர் அவரைச் சமாதானம் பண்ணி, மிச்சமான ஸ்க்ரூ எங்கே போகும் என்று அவரிடமே யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சுற்றில் அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். சோபாவில்தான் போய் விழுந்தேன். ஆனால் சுற்றிவிட்டுத்தான் விழுந்தேன்.

சாயங்காலம் கிளம்பிவிட்டாள். போனும் சரியாகிவிட்டதாம். டிவியைப் போட்டுப் பார்த்தேன், சுற்றைத் தாண்டி நிற்கிறது. முதலுக்குத் தள்ளி வைக்கலாமா என்று ரிமோட்டை எடுத்தேன். வேண்டாம், அது அவள் வேலை.